மணலுக்குக் கையொப்பம் வைக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆற்று மணல் அள்ள அனுமதி கொடுக்கலாமா, வேண்டாமா என்று கூடிப் பேசுகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். பெர்மிட்டில் கையொப்பம் வைக்கிற உத்தியோகத்தர்கள், கூட்டத்தில் ஆதரித்தோ எதிர்த்தோ குரல் கொடுக்கிற அரசியல்வாதிகள், சிபாரிசுக் கடிதம் தருகிற கமக்காரர் அமைப்புகள், கோயில், பள்ளிவாசல் நிருவாகத்தார் எல்லோரும் இதில் அடக்கம். நான் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறவன். எனக்கு டிப்பரும் இல்லை, ஆற்றங்கரையில் காணியும் இல்லை.

கூட்டங்களில் எழும் கேள்விகள் எல்லோருக்கும் பழகியவை. எத்தனை கியூப் மணல்? எந்த வீதியால் டிப்பர் போகும்? வீதி உடைந்தால் யார் திருத்தித் தருவது? பெர்மிட் ஒருவர் பேரில் இருக்க, மண் அள்ளுவது இன்னொருவராமே? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஆற்றின் அடியில் கிடக்கிற மணல் அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று யாரும் கேட்டு நான் காணவில்லை. அது சும்மா கிடக்கிறது, எடுத்தால் அடுத்த மாரிக்கு வந்துவிடும் என்பதுதான் பொதுவான நினைப்பு. அந்த நினைப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் மணல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நமது இரண்டு மாவட்டங்களின் அடியிலும் கிடப்பது விஜயன் தொகுதி என்று புவிச்சரிதவியலாளர் சொல்லும் பழைய பாறை. வயது ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள். வயலுக்கு நடுவில் திடீரென்று எழுந்து நிற்கிற கறுத்த மொட்டைப் பாறைகள் எல்லாம் அதன் தலைகள். மழையும் வெயிலும் மர வேர்களும் சேர்ந்து அந்தப் பாறையை உக்கவைக்கும்போது அதிலுள்ள பெல்ஸ்பார் என்ற தாது மெல்ல மெல்லக் களியாக மாறிவிடும். குவார்ட்ஸ் என்ற தாது மாறாது. அது பருக்கை பருக்கையாக உதிர்ந்து ஆற்றில் இறங்கும். நாம் கொங்கிறீட்டுக்குக் குழைக்கிற மணலில் பெரும்பங்கு இந்தக் குவார்ட்ஸ்தான்.

அதன் கடினத்தை நினைத்துப் பாருங்கள். தாதுப்பொருள்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, குவார்ட்ஸ் 7. சாதாரணக் கத்தியின் இரும்பு ஐந்தரைக்குக் கிட்ட நிற்கும். அதாவது ஆற்று மணல் கத்தியைக் கீறும். ஆற்றில் குழாய் போட்டு வயலுக்கு நீர் இறைக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. மணல் கலந்த தண்ணீரை இழுத்த பம்பியின் உள்ளே இருக்கிற சுழலி எப்படித் தேய்ந்து போகிறது, எத்தனை போகத்தில் மாற்ற வேண்டி வருகிறது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் பாறையை அறுக்கும் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் தண்ணீர் அதைக் கரைக்கும். வெடிப்பு விழுந்த பாறையாக இருந்தால் வெள்ளம் துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டு போகும். ஆனால் வெடிப்பில்லாத கடினப் பாறையில் தெளிந்த நீர் எத்தனை காலம் ஓடினாலும் பெரிதாகத் தேய்மானம் வராது. அறுப்பது நீரோடு வருகிற மணலும் சரளையும். மேட்டுப்பக்க ஓடைகளில் பாறை வெளியே தெரிகிற இடங்களில் வட்டமாகக் குடைந்த குழிகளைப் பார்த்திருப்பீர்கள். சுழியில் அகப்பட்ட கற்களும் மணலும் மாரிக்கு மாரி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி அரைத்ததால் வந்த குழிகள் அவை.

எல்லாப் பருக்கையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. களியும் வண்டலும் நீரில் மிதந்தபடியே போகும். பாறையில் மோத வந்தாலும் நீரோட்டம் அவற்றைச் சுற்றி வளைத்து அப்பால் கொண்டுபோய்விடும். பெரிய கல் உருளும், அல்லது வெள்ளம் பெருக்கெடுக்கும்வரை அசையாமல் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பருமணலும் சிறு சரளையும்தான் துள்ளித் துள்ளிப் போகிறவை. ஒவ்வொரு துள்ளலின் முடிவிலும் ஆற்றின் தரையில் ஓர் அடி விழும். விட்டம் இரு மடங்கானால் பருக்கையின் எடை எட்டு மடங்கு. வேகம் இரு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்கு. ஒரு மில்லிமீற்றர் மணல், அதில் பத்தில் ஒன்றளவு உள்ள பருக்கையைப்போல் ஆயிரம் மடங்கு எடை கொண்டது. மாரியில் நான்கைந்து நாள் பெருவெள்ளம் செய்கிற வேலையை மிச்ச மாதங்கள் எல்லாம் சேர்ந்தும் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் உங்கள் கையொப்பத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் இதுதான். அறுக்கிற மணலே காவலும் செய்கிறது. மரம் தேய்க்கிற சேண்ட்பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் உதிர்ந்து போன வெறும் தாளால் தேய்த்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. தூள் தடிப்பாக ஒட்டி அடைத்துப்போன தாளால் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில்தான் அது நன்றாக அறுக்கும். ஆறும் அப்படித்தான். அடியில் தடித்த மணல் படுக்கை இருந்தால், மேலே துள்ளிப் போகிற மணல் கீழே கிடக்கிற மணலில்தான் மோதும். அடிப்பாறைக்கோ அடிக்களிக்கோ அடி போய்ச் சேராது.

அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் குரோவ் கார்ல் கில்பேர்ட் 1877இலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். 2001இல் லெனார்ட் ஸ்க்லார், வில்லியம் டீட்ரிச் என்ற இருவர் ஆய்வுகூடத்தில் பாறை வில்லைகளுக்கு மேல் நீரைச் சுழலவிட்டு அளந்து காட்டினார்கள். சரளை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடக்கூடத் தேய்மானம் ஏறியது. ஓர் அளவுக்கு மேல் போனதும், அடி மூடுண்டு, தேய்மானம் இறங்கியது. பாறை எவ்வளவு உறுதியோ அவ்வளவுக்குத் தேய்மானம் குறைந்தது என்பதும் அதே பரிசோதனையில் தெரிந்தது.

சரி, இதற்கும் நம்முடைய ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?

மட்டக்களப்பின் முந்தனை ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிரான், சந்திவெளி, சித்தாண்டிப் பக்கம் வரும்போது அது சமதரை ஆறு. அங்கே மணலுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் ஆறே முன்னொரு காலத்தில் போட்டுவைத்த களியும் வண்டலும். களிக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் தெளிந்த நீர் சுமாரான வேகத்தில் ஓடினால் களிக் கரை தாக்குப்பிடித்துவிடும். நீரில் ஓட மிக எளிதில் புறப்படுவது நடுத்தர மணல்தான், களியைக் கிளப்ப அதைவிட அதிக வேகம் வேண்டும். அந்தக் களியின் மேல் பருமணல் வந்து மோதத் தொடங்கினால் கதை வேறு. பிடி தளர்ந்து செதில் செதிலாகப் பெயரும்.

இப்போது பெக்கோவை, அதாவது மண் தோண்டும் இயந்திரத்தை, இறக்கி மணல் படுக்கையை அடிக்களி தெரியும்வரை வழித்து எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றிலிருந்து காவல் போய்விட்டது. ஆனால் மணல் முழுவதும் நிற்கவில்லை, மேலேயிருந்து கொஞ்சம் வந்துகொண்டுதான் இருக்கும். மூடுவதற்குப் போதாது, அறுப்பதற்குத் தாராளம். தேய்மானம் உச்சத்துக்குப் போகிற அந்த நடு அளவுக்கு நாமே ஆற்றைக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு நடப்பது குழி வெட்டிய இடத்தோடு நிற்காது. குழியின் மேல் விளிம்பில் நீர் செங்குத்தாக விழும், அந்த விளிம்பு உடைந்து உடைந்து ஆற்றின் மேல்பக்கம் நோக்கி நகரும். குழிக்குக் கீழே போகிற நீரோ தன் மணலைக் குழிக்குள் போட்டுவிட்டுப் போகிறது. சுமை இறங்கிய நீருக்குச் சக்தி மிச்சம். அது கீழே உள்ள படுக்கையையும் கரையையும் தின்னத் தொடங்கும். ஆக, ஓர் இடத்தில் கொடுத்த பெர்மிட்டுக்காக, ஆற்றின் மேல்பக்கத்து வட்டையும் (வயல்வெளியும்) கீழ்ப்பக்கத்து வட்டையும் தங்கள் கரையை இழக்கின்றன. அடி தாழ்ந்தால் கரை உயரும், உயர்ந்த கரை தன் பாரத்தில் சரியும். வேர் அந்தரத்தில் தொங்குகிற மருத மரங்களைக் கரையோரம் நடந்து பார்க்கிற எவரும் காணலாம். பாலத் தூணின் அடி வெளியே தெரியத் தொடங்கும். பக்கத்துக் கிணறுகளில் நீர் மட்டம் ஆற்றோடு சேர்ந்து இறங்கும். களப்புக்குக் கிட்டிய பகுதியில் அடி கடல் மட்டத்துக்குக் கீழே போனால், வறட்சிக் காலத்தில் உவர்நீர் மேலேறி வரும். வயலுக்குள் உப்பு ஏறினால் என்ன ஆகும் என்று கமக்காரர் அமைப்புக்காரர் அறிவார்கள், அவர்கள்தான் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காதது.

"அடுத்த மாரிக்கு வந்துவிடும்" என்ற கதைக்கு வருகிறேன். மலை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று இலங்கையின் மத்திய மலைநாட்டில் அளந்திருக்கிறார்கள். குவார்ட்ஸ் பருக்கைக்குள் விண்வெளிக் கதிர்கள் விட்டுச்செல்லும் அணுக்களை எண்ணி அளக்கிற முறை அது. காடு கலைக்கப்படாத சரிவுகளில் இயற்கையான தேய்மானம் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரிலிருந்து சில பத்து மில்லிமீற்றர் வரைதான். நம் பக்கத்து மலைகளின் கணக்கு சற்று முன்பின் இருக்கலாம். அளவு விளங்க வேண்டும் என்பதற்காக 20 மில்லிமீற்றர் என்று வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீற்றர் மலை ஒரு வருடத்துக்கு 20 கனமீற்றர் தேயும். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கனமீற்றர். ஆக ஒரு சதுர கிலோமீற்றர் மலை ஒரு வருடம் முழுக்கத் தேய்ந்து தருவது ஏழு கியூப். அதில் ஒரு பங்கு களியாகவும், இன்னொரு பங்கு கரைந்த உப்பாகவும் போய்விடும், மணலாக மிஞ்சுவது அதைவிடக் குறைவு. டிப்பர் கணக்கில் சொன்னால் ஒன்றோ இரண்டோ. காலைத் தேநீருக்கு முன்னே ஏற்றி அனுப்பிவிடுகிற அளவு அது.

மாரி முடிந்ததும் குழி நிரம்பியிருக்கிறதே என்பீர்கள். நிரம்பத்தான் செய்யும். மேலேயும் பக்கத்திலும் இருந்த படுக்கையும் கரையும் இடிந்து குழிக்குள் வந்திருக்கின்றன. இருந்த சேமிப்பு இடம் மாறியிருக்கிறது, புதிதாக வந்தது சொற்பம். காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த சரிவுகளிலிருந்து மண் கூடுதலாகக் கழுவி வரும் என்பதும் உண்மை. ஐந்து மில்லிமீற்றர் மழைத்துளி ஒன்று செக்கனுக்கு 9 மீற்றர் வேகத்தில் வந்து வெறும் மண்ணில் அடிக்கிறது. ஆனால் அப்படி வருவதில் பெரும்பகுதி மேல்மண்ணும் களியும். அதை வைத்து வீடு கட்ட முடியாது.

அணைக்கட்டுகளையும் மறக்கக் கூடாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் எழுந்தது. அம்பாறையின் வயல்களுக்கு அதனால் வந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கல்லோயா என்கிற பட்டிப்பளை ஆறு மலையிலிருந்து உருட்டி வருகிற பருமணல் அந்த அணையைத் தாண்டாது. அணைக்குக் கீழே ஆற்றில் கிடப்பது பெரும்பாலும் பழைய கையிருப்பு. அதிலிருந்து எடுப்பதை அடுத்த மாரி திருப்பித் தரும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

மணலின் பயணத்தை மறித்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. அம்பாறைக் கரையிலுள்ள ஒலுவில் போதும். 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறந்த துறைமுகம் அது. டென்மார்க் கடனில் கட்டியது. கடலுக்குள் அலைதாங்கி நீட்டியதும், கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தெற்குப் பக்கத்தில் தங்கியது. துறைமுக வாயையும் அது அடைத்தது. வடக்கே ஒலுவில், அட்டப்பள்ளம், நிந்தவூர்ப் பக்கம் மணல் போய்ச் சேரவில்லை. தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் போயின. கரைவலை இழுக்கிற இடம் இல்லாமல் போனது. அரித்த இடத்தில் கல் போட்டார்கள். கல் போட்ட இடம் தப்பியது, அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. கடற்கரை மணலும் காவல்தான். அலை தன் சக்தியைப் பருக்கைகளை உருட்டுவதிலேயே செலவழிக்கும். உருட்டுவதற்கு மணல் இல்லாவிட்டால் பின்னால் இருக்கிற மண்ணைத்தான் எடுக்கும்.

ஆற்றையும் கடலையும் வேறு வேறு கோப்புகளில் வைத்திருக்கிறீர்கள். மணலுக்கு அந்தப் பிரிவு கிடையாது. ஆற்றில் எடுக்கிற ஒவ்வொரு கியூப்பும் என்றோ ஒரு நாள் கடற்கரைக்கு வந்து சேர வேண்டியது.

காற்றைப் பற்றியும் இரண்டு வரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறுவடை முடிந்து காய்ந்த வட்டைகளிலிருந்து எழுகிற புழுதியைப் பார்த்திருப்பீர்கள். மிக நுண்ணிய தூளைக் காற்றால் நேரடியாகக் கிளப்ப முடியாது, அது ஒட்டிக்கொண்டு கிடக்கும். நிலத்தை ஒட்டித் துள்ளுகிற மணல் பருக்கைகள் வந்து அடித்துத்தான் அதைக் கிளப்புகின்றன. மணல் எடுத்து முடித்து, மேல்மண் போர்த்தாமல் விட்டுப்போன மேட்டு நிலங்கள் அந்தப் பருக்கைகளைச் சுற்றுவட்டாரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கிறவல் குழிகளுக்கும் இது பொருந்தும். இதற்கு மேல் இந்த மடலில் அதை இழுக்கவில்லை.

மணலே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. யுத்தத்துக்கும் சுனாமிக்கும் பிறகு இரண்டு மாவட்டங்களிலும் எழுந்த வீடுகள் எல்லாம் ஆற்று மணலில்தான் நிற்கின்றன, என் வீடும் சேர்த்து. மண்வெட்டியால் அள்ளி உழவு மெசினில் ஏற்றி அன்றாடம் சீவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் பெக்கோ இறக்குகிறவர்களும் ஒன்றல்ல, பெர்மிட் நிபந்தனை எழுதும்போது இருவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மண்வெட்டியால் அடிக்களிவரை போவது கடினம். பெக்கோவுக்கு அரை நாள் போதும்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் அகழ முடியாது. ஆகவே கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. நான் கேட்பது சின்ன விஷயம். அனுமதி கேட்கிற இடத்தில், அதற்கு மேலேயும் கீழேயும், ஆற்றின் குறுக்கே நிலையான அடையாளக் கற்கள் நாட்டுங்கள். மாரிக்கு முன் புரட்டாதியில் ஒரு தடவை, மாரி ஓய்ந்து மாசியில் ஒரு தடவை அதே கற்களிலிருந்து ஆற்றடியின் மட்டத்தை அளந்து பாருங்கள். எத்தனை கியூப் என்பதை விண்ணப்பக்காரர் கேட்கும் தொகையை வைத்துத் தீர்மானிக்காமல், அந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் உண்மையாக வந்து சேர்ந்த மணலை வைத்துத் தீர்மானியுங்கள். வந்ததில் ஒரு பங்கை எடுக்கலாம். இந்த மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு கோட்டையும் குறித்து, பாலத்தின் தூணிலேயே சிவப்புப் பெயின்டால் போட்டுவிடுங்கள். அதைத் தாண்டினால் அந்த வருடம் பெர்மிட் இல்லை. யார் சிபாரிசு கொண்டுவந்தாலும் இல்லை.

தேவைக்கு வேறு வழிகளும் உண்டு. குளங்களுக்குள் ஆறு நுழைகிற வாயில் குவிந்து கிடக்கிற மணலை எடுத்தால் குளத்துக்கும் நல்லது. கொழும்புப் பக்கத்தில் கடலடியிலிருந்து எடுத்து, முத்துராஜவெலயில் குவித்து, உப்புக் கழுவிய மணலைக் கட்டட வேலைக்குப் பாவிக்கிறார்கள். ஒலுவிலின் தெற்கில் தேங்கிய மணலை மட்டும் வீடு கட்ட எடுக்காதீர்கள், அது நிந்தவூர்க் கரைக்கு உரியது. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 1986 முதல், கடல்வாய்க்கு ஒரு பக்கம் சேரும் மணலைப் பம்பி மூலம் மறுபக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். செலவுதான், ஆனால் ஒவ்வொரு வருடமும் கல் ஏற்றிப் போடுவதும் செலவுதான்.

அளவெடுக்க ஆள் இல்லை, காசு இல்லை என்ற பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு மட்டக்கருவி, ஒரு அளவுகோல், நீளமான கயிறு, நீச்சல் தெரிந்த இரண்டு பெரியவர்கள். உயர்தரப் புவியியல் மாணவர்களுக்கு வெளிக்களச் செயற்பாடு எப்படியும் செய்யத்தான் வேண்டும். ஒரு உத்தியோகத்தரை மேற்பார்வைக்கு அனுப்புங்கள், என் வகுப்பு கிரான் பக்கத்து ஒரு குறுக்குவெட்டை வருடம் இரண்டு முறை அளந்து, வரைபடமாகக் கீறி, உங்கள் கோப்பில் வைக்கத் தரும். மற்றப் பாடசாலைகளும் முன்வரும் என்று நம்புகிறேன். இந்தப் புரட்டாதியிலேயே தொடங்கலாம், கடிதம் கிடைத்தால் நாளைக் குறித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு